மன்னார்குடி நண்பரின் மில்

திருவிடைமருதூர் வடக்கு வீதியில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் ஒரு காலத்தில் ரகுராமனைத்தான் கூப்பிடுவார்கள். இப்போதும் அதே வாசலில் வந்துதான் நிற்கிறார்கள். ஆனால் "மாமி இருக்காளா?" என்று கேட்கிறார்கள். மாமி அவருடைய மனைவி ஸ்ரீரஞ்சனி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே டேட்டாபேஸ் வேலை பார்க்கிறாள். ரகுராமன் "இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? கல்யாணமான புதிதில் அவளுக்கு மௌஸைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். பெண் காலேஜுக்குப் போன பிறகு ஏதோ ஆன்லைன் கோர்ஸ் சேர்ந்தாள். பொழுதுபோகட்டும் என்று பெரிய மனசோடு அனுமதி கொடுத்தார். இன்றைக்கு அவர் மேஜை அவளுடையது, அவர் நாற்காலி அவளுடையது. அவள் மீட்டிங்கில் இருக்கும்போது குக்கர் விசிலை இவர்தான் எண்ண வேண்டும். அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார், மில் ஒன்று தனக்கென்று இருந்ததால்.

ராஜராஜனுடைய நெல் மில்லில் கம்ப்யூட்டர் என்றால் ரகுராமன்தான். கும்பகோணத்தில் கணக்கு பி.எஸ்சி. முடித்து, ஒரு டிப்ளமாவோடு அங்கே நுழைந்தவர். நிலத்தையெல்லாம் அப்பா காலத்திலேயே விற்றுத் தீர்த்த குடும்பம். அடுத்தவர் நெல்லுக்குத்தான் அவர் நம்பர் போட்டார். எடைமேடையில் ஏறும் ஒவ்வொரு லோடும் யாருடையது, என்ன ரகம், ஈரம் எவ்வளவு என்று எல்லாமே அவர் தன் கையால் எழுதிய புரோகிராமில் இருந்தது. அது கிழண்டுபோய்விட்டது. ராஜராஜன் சென்னையிலிருந்து புது சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார். பழைய பேக்கப்பைப் புது சர்வரில் ஏற்றவேண்டியது மட்டும் ரகுராமன் பொறுப்பு.

அது ஏறவில்லை. லோடு நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் நம்பர் இல்லை என்று முதல் வரியிலேயே நின்றது. என்ன இருக்கிறது என்று பார்த்தால், பழைய எழுத்துரு ஆனதால் புதுத் திரையில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். கொஞ்ச தூரம் போய் அதே பிழையைச் சொல்லி மறுபடி நின்றது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி வேறொரு பேக்கப்பை எடுத்தார். அதே இடத்தில்தான் அதுவும் நின்றது. பழையதைத் தலைமுழுகிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள் என்று சாஃப்ட்வேர்காரன் போனில் சொன்னான். அவனுக்கென்ன, சொல்லுவான்.

குறுவை அறுப்பு தொடங்கிவிட்டது. பழைய விவரம் இல்லாமல் எந்த விவசாயியின் நெல்லை நம்பி வாங்குவது என்று ராஜராஜனுக்குக் கவலை. கடைசியில் அந்தப் பேச்சை அவரே எடுத்தார்.

"உங்க வீட்டம்மா இந்த வேலைதானே பாக்குறாங்க? ஒரு வார்த்தை கேளுங்களேன் சார். சரியா வந்துச்சுன்னா புது சிஸ்டத்தை அவங்களையே பாத்துக்கச் சொல்லிடலாம். உங்களுக்கும் சிரமம் இருக்காது."

கேட்கிறேன் என்று ரகுராமன் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் 'சிரமம்' என்ற வார்த்தை குடைந்தது. வீட்டில் மேஜை போயிற்று, வாசலில் பேர் போயிற்று, மிச்சம் இருந்தது மில். அதையும் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கவா? செத்தாலும் கேட்கமாட்டேன் என்று நினைத்தார். மில்லில் நெல் வந்து குவிகிறவரை அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு, மாலைக் காப்பியின்போது, தன் நண்பர் ஒருவருக்கு மன்னார்குடிப் பக்கம் மில் இருக்கிறதென்றும், பாவம், அவருக்கு ரீஸ்டோர் செய்வதில் ஒரு சிக்கலென்றும் பேச்சுவாக்கில் சொல்வதுபோல் சொன்னார். பிழை வந்த திரையை நண்பர் போட்டோ எடுத்து அனுப்பியிருப்பதாகச் சொல்லி, போனை நீட்டினார். போட்டோவின் ஓரத்தில் ராஜராஜன் மில் காலண்டர் தெரிந்தது. ஸ்ரீரஞ்சனி அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. பிழை வந்த இரண்டு வரிகளின் தேதிகளைத்தான் அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணு புரட்டாசி, இன்னொண்ணு தை. ரெண்டுமே அறுப்பு ஆரம்பிச்சு வர முதல் லோடுன்னா," என்றாள். "உங்க நண்பர் மில்லிலயும் முதல் லோடுக்கு ஒண்ணுன்னு போடாம லாபம்னு போடுவாளோ?"

ரகுராமன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார்கள், லாபம் என்பார்கள். அடுத்ததிலிருந்துதான் இரண்டு, மூன்று. கம்ப்யூட்டர் வந்தாலும் என் மில்லில் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ராஜராஜனின் அப்பா நடராசன் பிடிவாதம் பிடித்தார். பருவத்தின் முதல் லோடு எடைமேடையில் ஏறியதும் நம்பருக்குப் பதில் தானாகவே லாபம் என்று விழுகிறமாதிரி ரகுராமன் எழுதிக் கொடுத்தார். பெரியவர் பூரித்துப்போய்ப் பட்டுக்கரை வேட்டி ஒன்றை அவர் தோளில் போட்டார். வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினார். பெரியவர் போன பிறகு அதைப் பேச ஆளில்லை. புரோகிராம் மட்டும் வருஷா வருஷம் சொன்னதைச் செய்துகொண்டே இருந்தது. எழுதியவர் மறந்துவிட்டார். கல்யாணமான புதிதில் அவர் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டதை இவள் மறக்கவில்லை.

"அந்த வரிக்கெல்லாம் ஒண்ணுன்னு நம்பர் குடுத்துட்டு, லாபத்தைக் குறிப்புல போட்டுடச் சொல்லுங்கோ. ஏறிடும்," என்று சொல்லிவிட்டு ஸ்ரீரஞ்சனி அடுத்த மீட்டிங்குக்கு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் அத்தனை லோடும் ஒரு தடங்கலில்லாமல் ஏறின. ரகுராமன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் என்ன சொல்வது? நான்தான் என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிப்பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் ராஜராஜனே சிரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மனசு கேக்காம வீட்டம்மாவுக்கு நானே காலையில போன் போட்டேன் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது, அவரே கண்டுபிடிச்சுட்டார்னு சொன்னாங்க. நீங்க இருக்கும்போது நான் வேற யாரையோ தேடுறேன் பாருங்க. புது சிஸ்டமும் உங்க கையிலயே இருக்கட்டும்."

எடைமேடை வீரையன்வரை கைகொடுத்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ரகுராமனுக்கு மட்டும் முன்னைவிட அதிகமாக எரிந்தது. அவள் பெருமையடித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நன்றியை எதிர்பார்த்திருந்தால் கொடுக்காமல் பழிவாங்கியிருக்கலாம். இப்போது எதற்குமே வழியில்லை.

மாலையில் வீட்டுக்குப் போனபோது அவள் மேஜையில்தான் இருந்தாள். நண்பர் மில்லில் ஏறிற்றா என்று திரும்பாமலே கேட்டாள். ஏறிற்று என்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"ஏன் நான் கண்டுபிடிச்சேன்னு சொன்னே?"

அப்போதுதான் அவள் நாற்காலியைத் திருப்பினாள். முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"உங்களுக்கு அது வேண்டியிருந்தது," என்றாள். "எனக்கு இந்த மாதிரி தினம் பத்து வரது."

சொல்லிவிட்டு மறுபடி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரகுராமன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குக்கர் வைக்கப் போனார்.