தூளுக்கு அபராதம்

அன்று மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்கில் இருந்தது கணக்கர், அம்மா, கூட வேலைபார்த்த கதீஜா இத்தா, பயந்தாங்கொள்ளி நான், அவ்வளவுதான். இன்று அது ஓட்டல். அங்கே குடித்த சாயாவில் சுக்கு மணத்ததும் நினைவு வந்தது.

உதிர்ந்த தூளுக்கு அபராதம் கட்டாவிட்டால் வேலையில்லை என்று கணக்கர் சொன்னதும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வரி கட்டாம ஜெயிலுக்குப் போன அமெரிக்க எழுத்தாளர வாசிச்சுத்தானே நம்மாளுக உப்புக் காய்ச்சப் போனாங்க?”

“அவரே வந்து கூலி தரட்டும் சேச்சி,” என்றார் கணக்கர்.

நான் அழுததைப் பொறுக்காமல் இத்தா அபராதத்தைக் கட்டிவிட்டாள்.

“அந்த எழுத்தாளருக்கும் இப்படித்தான் யாரோ வரியக் கட்டிக் கெடுத்தாங்க,” என்ற அம்மா, இத்தாவுக்குத் திருப்பிக் கொடுத்தால், தானே அபராதம் கட்டியதாகிவிடும் என்று கடைசிவரை கொடுக்கவில்லை. படிப்பை நிறுத்தி நானும் அங்கே வேலைக்குப் போனபோது, இருவரும் எதிரெதிர் மூலையில் பேசாமல் சுக்கு புடைக்க, நடுவில் நான் தனியாகத் தும்மிக்கொண்டிருந்தேன்.

இருவரும் இப்போது இல்லை. பாக்கி ஒன்றேகால் ரூபாய்.