பெடலில் எரியும் பச்சை விளக்கு

கிட்டாரின் சத்தத்தை மாற்ற எர்ணாவூர் வல்லரசு செய்த பெடலைக் காலால் மிதித்தால் பேஸ் கிட்டார் கரகரவென்று உறுமும். பழைய டிபன் டப்பாவுக்குள் ஒயர் எல்லாவற்றையும் அவனே ஈயம் வைத்துப் பற்றவைப்பான். அவன் வேலை பார்த்த பாய்லர் பட்டறையின் சம்மட்டிச் சத்தம் அவன் காதை முக்கால்வாசி தின்றுவிட்டது. காதில் வைக்கப் பஞ்சுகூடக் கொடுக்கவில்லை, பாவிகள். அப்படியும் அவன் விடவில்லை. ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வைப் பார்த்தே பெடலைச் சரிசெய்வான். "காது இன்னாத்துக்கு? அதான் கை கீதே" என்பான்.

பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பன் செங்குட்டுவன் எல்லா மேடையிலும் அந்தப் பெடலைத்தான் மிதித்தான். அதில் பச்சை விளக்கு எரிந்ததும், முன்வரிசையில் வல்லரசு நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான்.

ராயபுரம் கச்சேரியில் விளக்கு எரியவில்லை. இடைவேளையில் வல்லரசு புது பேட்டரியோடு மேடைக்கு ஓடினான்.

"வுடு மாமு, நான் பாத்துக்கிறேன்" என்று செங்குட்டுவன் பதறுவதற்குள் மூடி திறந்துவிட்டது. உள்ளே வேறு யாரோ பற்றவைத்திருந்தார்கள். கிட்டாரின் ஒயர் வல்லரசு செய்த எதையும் தொடாமல் நேராக வெளியே போனது. பேட்டரி விளக்குக்கு மட்டும்தான்.

"அவ்ளோ கலீஜாவா இருந்துச்சு என் சத்தம்?"

செங்குட்டுவனின் வாய் அசைந்தது. வல்லரசுக்குக் கேட்கவில்லை. பேட்டரியை மாற்றி, மூடியைத் திருகிவிட்டு, முன்வரிசைக்கே போய் உட்கார்ந்தான்.

விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.