மச்சான் எழுந்தால் படம் போகும்

போன இடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தால் அவரால் சும்மா உட்கார முடியாது. பல் டாக்டரிடம் போயிருந்தபோது, காத்திருக்கும் அறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவர் டிவியின் பின்னால் கையை விட்டு, ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகிவிட்டு இறங்கினார். "படத்துல வெள்ளைப் புள்ளி பொரிஞ்சுது" என்றார், யாரும் கேட்காமலே. அங்கிருந்த பதினோரு பேரும் கன்னத்திலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

வீட்டுக்குள் தியேட்டர் அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். ஓர் அறையை இருட்டாக்கி, புரொஜெக்டரைத் தொங்கவிட்டு, திரை மாட்டி, மூலைக்கு மூலை ஸ்பீக்கர் வைத்து, இத்தனையையும் இணைக்கும் ஒயர்களைச் சுவருக்குள் ஒளித்துவைப்பார். தொழில் வட்டாரத்தில் அவருக்கு இன்னொருதடவையார் என்று பெயர். எந்த வேலை முடிந்தாலும் "இன்னொரு தடவை பாத்துடலாம்" என்பார். பார்த்த பிறகும் அதையேதான் சொல்வார்.

புரொஜெக்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் ஒயரை வாங்க அவர் விசாரிக்கிற அளவுக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கூட விசாரிக்க மாட்டார். பிளக்கின் பளபளப்பைப் பார்க்கவே மாட்டார். யாராவது தங்கமுலாம் பூசியது என்று நீட்டினால், "நகைக்கடை எதிர்வரிசைல இருக்கு" என்பார். தங்கம் துருப்பிடிக்காது, வாஸ்தவம்தான். ஆனால் அவருடைய இருபது வருஷத்தில் துருவால் போன படம் ஒன்றுகூட இல்லை. ஒயரின் உடம்பில் அச்சடித்திருக்கும் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படிப்பார். பெட்டியில் ஒட்டியிருக்கும் சான்றுச் சீட்டை போனில் ஸ்கேன் செய்து, அசல்தானா என்று பார்ப்பார். எத்தனை மீட்டர் என்று கேட்பார். நீளம் கூடக்கூட ஒயருக்கு மூச்சு வாங்கும் என்பது அவர் கட்சி. பிறகு வீட்டுத் தரையில் பாம்பு மாதிரி விரித்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை படம் ஓடவிட்டு, பக்கத்திலேயே மிக்ஸி ஓட்டுவார், டிரில் ஓட்டுவார், ஃபிரிட்ஜை அணைத்து அணைத்துப் போடுவார். அதில் தேறிய ஒயருக்குத்தான் சுவருக்குள் இடம். குழாய் வழியே விட்டிருந்தாலும் சுவருக்குள் போனதை வெளியே எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லையே!

"உங்களுக்குப் படம் பாக்கத் தெரியாதுங்க. புள்ளி பாக்கத்தான் தெரியும்" என்பாள் மனைவி. "கதாநாயகி செத்துக் கெடப்பா, இருட்டு நல்லா வந்திருக்குன்னு சொல்ற ஆளு நீங்க."

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை "சரி" என்று சொல்லிவிட்டார். அதுவும் மச்சான் வீட்டில்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தரைக்கல், சுவர்க்கல் விற்கும் பெரிய கடை வைத்திருந்தார். பளபளக்காத எதையும் அவர் வாங்கியதில்லை. தங்கைக்கு மாப்பிள்ளை எடுத்தபோதுதான் அந்தக் கொள்கையைத் தளர்த்தினேன் என்று மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்வார். அவருடைய கடையில் கல் எடுக்கும் பில்டர் ஒருவர் நாற்பது வீடுகள் கொண்ட அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வீடு ஒரு தியேட்டர் அறை. அந்த வேலையைத் தன் கணவருக்கு வாங்கிக் கொடுக்கும்படி மனைவி அண்ணனிடம் கேட்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் பிறந்த வீட்டில் கேட்டது அது ஒன்றைத்தான். ஏணியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கணவரின் வலது தோள் மேலே எழும்பாமல் போய்க்கொண்டிருந்தது. நாற்பது வீடும் கிடைத்தால் இரண்டு வருஷம் ஒரே கட்டடம். லிஃப்ட் வேறு இருக்கும்.

"முதல்ல என் வீட்டுல ஒண்ணு போடுங்க மாப்ள. அவர் வந்து பாக்கட்டும். மிச்சத்த நான் பேசிக்கிறேன்" என்றார் மச்சான்.

போட்டார். அறையெல்லாம் பிரமாதம். ஒயரில்தான் வம்பு வந்தது. மச்சான் ஒரு வெல்வெட் பெட்டியோடு வந்தார். காந்த மூடி. உள்ளே சிவப்புத் துணி பின்னிய ஒயர், இரண்டு முனையிலும் மஞ்சளாய் மின்னும் பிளக்.

"மூடும்போது சத்தத்தக் கேளுங்க மாப்ள. டொப்! எப்படி?"

"ஒயர் பெட்டிக்குள்ள இருந்துக்கிட்டா படம் காட்டப் போவுது?"

"அப்போ உங்களுது? லாரில மூட்டை கட்ற கறுப்புக் கயிறு மாதிரி இருக்கு."

"பாரம் தாங்குறது கயிறுதான் மச்சான். உங்க ஒயரு கோட்டு சூட்டெல்லாம் போட்டிருக்கு. உள்ள பனியன் இருக்கான்னு பாத்தீங்களா?"

பனியன் என்று அவர் சொன்னது, ஒயருக்குள் சுற்றியிருக்க வேண்டிய அலுமினியத் தாளையும் செம்பு வலையையும். அக்கம்பக்கத்து மின்சாரம் படத்துக்குள் புகுந்து கலாட்டா பண்ணாமல் தடுப்பது அதுதான். வெளியே எவ்வளவு துணி பின்னினாலும் அந்த வேலையைச் செய்யாது.

மச்சானுக்கு முகம் சுருங்கியது. வாசலில் நின்ற இவர் மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். சுவரில் கல் பதிக்க வந்த ஆட்கள் சாந்தைக் குழைத்துவைத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்துவிடும் என்று அவசரப்படுத்தினார்கள். வழக்கமாக ஒயரைக் குழாய்க்குள் விடுவார், பின்னால் உருவி மாற்றிக்கொள்ளலாம். இங்கே குழாய் வைத்தால் கல் அரை அங்குலம் புடைக்கும் என்று மச்சான் அதையும் தடுத்துவிட்டார். ஒரே பாறையில் அறுத்த பலகைகள் அவை, ஒன்றின் வரி அடுத்ததில் போய்ச் சேரும். உடைந்தால் ஜோடி கிடைக்காது.

சிவப்பு ஒயரைத் தரையில் விரித்து நாற்பது நிமிஷம் ஓட்டினார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. "சரி" என்றார். மத்தியானத்துக்குள் ஒன்பது மீட்டர் ஒயரும் கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.

மறுநாள் நாற்காலிகள் வந்தன. தோல் உறை போட்ட சுழல் நாற்காலிகள். உட்கார்ந்தால் புஸ்ஸென்று அமிழும், எழுந்தால் மெல்ல உயரும். குடும்பமே உட்கார்ந்து, கடலுக்கடியில் மீன் நீந்தும் படம் பார்த்தது. விசிறி ஸ்விட்ச் போட மச்சான் எழுந்தார். அப்போதுதான் திரை கறுத்தது. இமை தட்டும் நேரம்தான். மீன் திரும்ப வந்துவிட்டது.

"இப்போ படம் போச்சுல்ல?"

"எங்க போச்சு? இங்கதான இருக்கு" என்றார் மச்சான்.

"அண்ணே, மீனோட செதிலக்கூட எண்ணலாம் போல இருக்கு!" என்றார் மச்சானின் மனைவி.

அன்றிலிருந்து இன்னொருதடவையாருக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை ஸ்க்ரூடிரைவரை மறந்துவிட்டதாகச் சொல்லி மச்சான் வீட்டுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை அளவுநாடா. புதன்கிழமை மறப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால், போன தடவை மறந்ததை எடுத்தேனா என்று பார்க்கப் போனார். நின்றபடியே கண்ணைக் கொட்டாமல் திரையைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. கண்தான் எரிந்தது. ஒருவேளை பிரமையோ? அப்படி இருந்தால் எவ்வளவு நிம்மதி! ஆனால் நிம்மதி அவருக்கு ஒத்துக்கொள்ளாத பதார்த்தம்.

வியாழக்கிழமை மத்தியானம் இவர் போனபோது மச்சான் வீட்டில் இருந்தார். பெரிய வாடிக்கையாளர் போன் செய்தால் மச்சான் எழுந்து நின்றுதான் பேசுவார். அது அவர் மரியாதை. அன்றைக்கு நான்கு போன் வந்தது. நான்கு தடவை எழுந்தார். நான்கு தடவையும் படம் போனது. நான்கு தடவையும் மச்சான் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

நாற்காலிதான்! எழுந்தவுடன் அதன் தண்டு உயரும்போது பொடி மின்சாரம் தெறிக்கிறது. ஏசி அறையின் வறண்ட காற்றில் இன்னும் நன்றாகவே தெறிக்கும். பனியன் இல்லாத ஒயர் அதைத் தாங்கவில்லை. மச்சான் கடைக்குப் போனதும் இவரே உட்கார்ந்து எழுந்து பார்த்தார். இவருடைய ஒல்லி உடம்புக்கு மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் போனது. அடுத்து, தன் கறுப்பு ஒயரைத் தரையோடு இழுத்து மாட்டினார். முப்பது தடவை எழுந்தார். ஒரு தடவைகூடப் போகவில்லை.

வாசலில் மச்சானின் மனைவி தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "தோள்வலின்னு சொன்னாங்க. இடுப்புக்கும் பயிற்சி குடுத்திருக்காங்களா அண்ணே?"

வெள்ளிக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் சட்டையின் கையை மடித்தபடியே நின்றுவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அந்த பில்டர் வந்துட்டுப் போற வரைக்கும் வாயத் திறக்காதீங்க."

"அவரு நாற்காலில இருந்து எழுந்தா?"

"எழுந்தா முதுகுதானே திரும்பும்! முதுகுலயா கண்ணு இருக்கு?"

"எனக்கு இருக்கே."

"உங்களுக்கு எல்லா எடத்துலயும் இருக்கு. தோள் எங்க இருக்குன்னு மட்டும்தான் தெரியாது." சட்டையை உதறி முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள். "நான் அண்ணன்கிட்ட போய்க் கேட்டுருக்கேங்க."

ஞாயிற்றுக்கிழமை பில்டர் வந்தார். கல்லைத் தடவிப் பார்த்தார், நாற்காலியில் அமிழ்ந்தார், மீனைப் பார்த்தார், "பலே" என்றார். மச்சான் அவர் பக்கத்தில் புது மாப்பிள்ளை மாதிரி நெளிந்தார். போன் அடித்தது. பில்டர் எழுந்தார். திரை கறுத்து வெளுத்தது. பில்டரின் முதுகுக்கு ஒன்றும் தெரியவில்லை. மனைவி மட்டும் பார்த்துவிட்டாள். பார்த்ததோடு நிற்காமல் கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பில்டர் பேசி முடித்துத் திரும்பி, "நல்லா இருக்கு. நாளைக்கே ஆளப் போட்டுடலாம்" என்றார்.

அவ்வளவுதான். காரியம் முடிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் எதுவுமில்லை, செய்யத் தெரிந்தவர்களுக்கு.

"சார், இன்னொரு தடவை உக்காந்து எழுந்திருங்க. திரையப் பாத்துக்கிட்டே" என்றார் இன்னொருதடவையார்.

மனைவி கையை விட்டாள்.

பில்டர் எழுந்தார். பார்த்தார். மறுபடி உட்கார்ந்து எழுந்தார், குழந்தைக்கு விளையாட்டு கிடைத்த மாதிரி. வியர்த்துப்போன மச்சான் முகத்தில் அவருடைய கல்லின் பளபளப்பு வந்துவிட்டது. இன்னொருதடவையார் கறுப்பு ஒயரைத் தரையோடு இழுத்து மாட்டி, அதிலும் எழுந்து பார்க்கச் சொன்னார். படம் அசையவில்லை. "இதுல எனக்கும் பங்கு இருக்கு சார். நாள் முழுக்கப் பாக்க வேண்டியத நாப்பது நிமிஷம் பாத்துட்டு சரின்னுட்டேன். உங்க வீடுகளுக்குக் கறுப்புதான்."

பில்டர் இரண்டு ஒயரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிவப்பின் பிளக்கை நகத்தால் தட்டினார்.

"நாப்பதுக்கும் இதையே போடுங்க."

"சார்... படம் போகுதே?"

"வீடு பாக்க வர்றவங்க நின்னுக்கிட்டேதான் பாப்பாங்க. உக்காந்து எழுந்திருக்கிறது வாங்கின பெறகுதானே? அந்த வெல்வெட் பெட்டியும் வேணும். மேஜை மேல வெச்சிடலாம்."

"அப்போ நீங்க வேற ஆளத்தான் பாக்கணும் சார்."

இதை அவர் சண்டைபோடும் குரலில் சொல்லவில்லை. கூச்சத்தோடு, தப்பு செய்தவர் மாதிரித்தான் சொன்னார். பில்டரும் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார், அதே வாரத்தில்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது மனைவி பின்னால் இருக்கிறாளா என்று இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். இருந்தாள். மூன்று நாள் கழித்துத்தான் பேசினாள். அதன் பிறகு காலத்தையே மாடிக்கணக்கில் அளக்க ஆரம்பித்தாள். "இன்னேரம் முதல் மாடி முடிஞ்சிருக்கும்." "மழை வருது. லிஃப்ட்ல போயிருக்கலாம்." அவர் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லித் தோளைக் காட்டினால், எண்ணெய்ப் புட்டியைத் தந்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஒரு நாள் மட்டும் நகராமல் நின்று, "அந்தக் கருமம் படம் போனத நானும் பாத்தேன். அதான் இன்னும் எரியுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது திட்டா வேறெதுவுமா என்று அவருக்குப் புரியவில்லை. திருப்பிக் கேட்கவும் தைரியமில்லை.

மச்சானோ பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது வாரம் அவர் கடை எண்ணிலிருந்து போன் வந்தது.

"மாப்ள, நாற்காலிய மாத்திட்டேன். நாலு கால் மர நாற்காலி."

"நல்லது மச்சான்."

"நல்லதா? நேத்து ஏசி ஓட ஆரம்பிச்சப்போ படம் போச்சு."

"போச்சா?"

"போன மாதிரி இருந்துச்சு. பக்கத்துல இவ உக்காந்திருந்தா, போகலங்கறா. நான் பாத்தேன்யா! இப்போ படம் ஓடுறப்போ எனக்கு மீனே தெரியல, எப்போ போகும் எப்போ போகும்னு இருக்கு. மீன் வந்தா என்ன, தவள வந்தா என்ன! என்னத்தக் காட்டி விட்டீங்க எனக்கு? முன்னாடி நிம்மதியா இருந்தேன்."

"போனது ஏசியாலதானான்னு தெரியணும்னா..."

"ஒண்ணும் தெரிய வேண்டாம். வந்து கல்ல எடுங்க. இல்ல, நான் எடுக்கறேன், நீங்க நில்லுங்க. உங்க கை பட்டு உடைஞ்சா நான் ஏதாவது பேசிடுவேன்."

மச்சானே உளி பிடித்தார். முதல் பலகை முழுசாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது, மேல் மூலையில் ஒரு கை அகலத்துக்கு உடைந்தது. அந்தச் சில்லை மச்சான் உடைந்த மூலையில் ஒரு தடவை பொருத்திப் பார்த்தார். பிறகு ஜன்னலில் வைத்துவிட்டு, "குழாய் வெச்சே போடுங்க. புடைச்சா புடைக்கட்டும்" என்றார்.

கறுப்பு ஒயர் தரையில் நெளிந்து கிடந்தது, சோதனைக்கு. படம் காலையிலிருந்து ஓடியது. பக்கத்தில் மிக்ஸி வெறுமனே உறுமியது. மச்சான் தன் கடைக்கு அனுப்பியிருந்த சுழல் நாற்காலியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, அதில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. மத்தியானம் ஆனதும் அவர் தங்கையும் மனைவியும் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"போதும், நல்லாத்தான் இருக்கு. செவுத்துக்குள்ள வெச்சு மூடிடலாம் வாங்க மச்சான்" என்றார் இன்னொருதடவையார். அவருக்கும் பசி.

மச்சான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சாப்பாட்ட இங்கயே கொண்டுவரச் சொல்லுங்க" என்றார். "இன்னும் ஃபிரிட்ஜ அணைச்சுப் பாக்கல."