அரசாணிக் கொடி காய்த்த கதை

நான் சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். எங்கள் தெருவில் மண் என்றால் தறிக்குழிக்குள் கிடப்பதுதான். அப்படிப்பட்டவளைத் திருச்செங்கோட்டில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டிலும் அதை ஒட்டிக் கொஞ்சம் வெறும் நிலமும் இருந்தன.

யுத்தம் வந்து பர்மா அரிசி நின்றுபோன காலம் அது. ரேஷன் கார்டுக்குப் போட்ட அரிசியில் கல் பொறுக்குவதைவிடக் கல்லில் அரிசி பொறுக்குவது சுலபமாக இருந்தது. வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று சர்க்கார் தண்டோரா போட்டது. எங்கள் தெருவில் அதைக் கேட்டுச் சிரித்தவள் கிழக்கு வீட்டு அக்கா. அவள் கணவருக்கு ஊருக்கு வெளியே கிணற்றுப் பாசனத் தோட்டம் இருந்தது. வீட்டுப் புறக்கடையிலும் கொடியும் செடியுமாக இறைந்து கிடக்கும்.

அந்த அக்காவைப் போலக் கொடையாளி கிடையாது என்று தெருவே சொல்லும். நானும் சொன்னேன், அவள் கொடுத்ததைச் சமைத்துப் பார்க்கும் வரைக்கும். சுவருக்கு மேலே அவள் நீட்டும் வெண்டைக்காயை ஒடித்தால் ஒடியாது. முள்ளங்கி முற்றிச் சக்கையாகிப் பூ விட்டிருக்கும். கத்தரிக்காயில் நமக்கு முன்பே ஆள் குடியிருக்கும். ஆனால் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். என் மாமியார் அதில் ஒரு உருண்டை வெல்லமோ, கொஞ்சம் கடலைப்பருப்போ போட்டுத்தான் அனுப்புவாள். வெல்லம் கண்ணில் படாத நாளில் அந்தப் புழுக் கத்தரிக்காய் என்ன விலைக்கு வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொடுத்தாள் என்ற பேரும் அக்காவுக்கு, வெல்லமும் அக்காவுக்கு.

அதனால் நானே பயிர் வைப்பது என்று முடிவு செய்தேன். அக்காவிடம் போய் அரசாணி விதை கேட்டேன், மற்ற ஊர்களில் பரங்கி என்பார்களே, அதுதான். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தறிக்காரப் புள்ளைக்கு மண்ணு புடிபடுமா அம்மிணி? செரி, கேட்டுப் போட்டீங்க. இல்லீன்னு சொல்ற ஊடா இது?" என்று முந்தானையில் முடிந்து வைத்திருந்ததைப் போல எடுத்துக் கொடுத்தாள்.

விதையில் வஞ்சகம் இல்லை. தூரில் அடுப்புச் சாம்பல் போட்டு வந்தேன். கொடி கொட்டிலின் கூரையை மூடிக்கொண்டு ஏறிற்று. மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. சின்னப் பிஞ்சுகளும் தலைகாட்டின. ஆனால் எலுமிச்சை அளவு வருவதற்குள் ஒவ்வொன்றும் பழுத்து உதிர்ந்தது.

அதற்குப் பிறகு எங்கள் புறக்கடைக்கு வராத ஆள் இல்லை. எதிர்வீட்டில் தாலுகா கச்சேரிக் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர் ஒருவர் இருந்தார். வாழ்நாளில் மைக்கூட்டைத் தவிர எதற்கும் நீர் ஊற்றாத மனிதர். அவர் வந்து மண்ணைக் கிள்ளி மோந்தார், கொஞ்சம் நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார்.

"காரம் அதிகம். ஸர்வே பண்ணின காலத்திலேயே எனக்குத் தெரியும். சாம்பலை நிறுத்துங்கோ" என்றார்.

மறுநாள் அவர் மனைவி வந்து, சாம்பல் போடாததுதான் குறை என்றாள். இருவரும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்பது தனி ஆச்சரியம். மாமியார், கண்ணேறு என்று சொல்லிப் பழஞ்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டாள். என் கணவர், பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குத் தாவர சாஸ்திரம் நடத்துகிறவர், கொடியை அண்ணாந்து பார்த்து, "காய்க்கிறபோது காய்க்கும்" என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

கிழக்கு வீட்டு அக்காவும் சுவரோரம் வந்தாள். "புளிச்ச மோர்ல பெருங்காயங் கரைச்சு ஊத்துங்க அம்மிணி. அதுக்கும் கேக்கலீன்னா வெளக்குமாத்துல நாலு போடு போடுங்க. ரோசம் வந்து காய்க்கும்."

மோர் ஊற்றினேன், பெருங்காயம் கரைத்தேன், விளக்குமாற்றாலும் அடித்தேன். எனக்குக் கை வலித்தது. கொடிக்கு ரோசம் வரவில்லை.

ஒருநாள் விடிந்தும் விடியாததுமாகச் சாணி அள்ளப் போனபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவைப் பார்த்தேன். நீளக் காம்புள்ள பூ ஒன்றைப் பறித்தாள். இதழ்களை உரித்து எறிந்தாள். நடுவிலிருந்த மகரந்தக் குச்சியை, அடியில் பிஞ்சு வைத்திருந்த இன்னொரு பூவுக்குள் வைத்து மெல்லத் தேய்த்தாள். பிறகு அடுத்த பூவுக்குப் போனாள். குழந்தைக்கு மருந்து ஊட்டுகிறவளைப் போல அவ்வளவு கவனம்.

"ஏனுங்க அக்கா, என்ன பண்றீங்க?" என்றேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கையிலிருந்த பூவை மறைக்கப் பார்த்து, முடியாமல் தலையில் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க. பூச்சி பாத்தேன்."

"அப்படித் தேய்ச்சாத்தான் காய்க்குமுங்களா? எங்கிட்ட வெளக்குமாத்துல அடிக்கச் சொன்னீங்களே?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆம்பளைப் பூவு, பொம்பளைப் பூவுன்னு வாயத் தொறந்து சொல்ற சமாச்சாரமா அம்மிணி இது? வயசுக்கு வந்த புள்ளைங்க இருக்கற தெருவு. மானம் மருவாதி வேண்டாமுங்களா?"

மானத்துக்காகத்தான் இத்தனை நாளும் எங்கள் பிஞ்சுகள் உதிர்ந்தன என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் விடியலில் நானும் கூரையோரம் ஏணி வைத்து ஏறினேன். நான் தொட்ட பூக்களில் பெரும்பாலானவை பிடித்தன. அதில் ஒன்று அண்டா அளவுக்கு உருண்டது. அதை இறக்கிய அன்று சொல்லியனுப்பாமலே எல்லாரும் வந்தார்கள். குமாஸ்தா, சாம்பலை நிறுத்தியதால் காய்த்தது என்றார். அவர் மனைவி, போட்டதால் என்றாள். மாமியார் செருப்பைக் கும்பிடாத குறை. அக்கா, "எங்கூட்டு விதையாக்கும்" என்று பெரிய கீற்றாகக் கேட்டு வாங்கிப் போனாள். ஆளுக்கொரு துண்டு போனபின் எங்களுக்கு மிஞ்சியது காம்பும் குடலும், கொஞ்சம் குழம்புக்கான சதையும்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. கிணற்றடியில் தண்ணீர் சேந்த வந்த அத்தனை பெண்களுக்கும் ஆண் பூ எது, பெண் பூ எது, எதை எதில் தேய்ப்பது என்று பூவைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினேன். சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள், விரல்களை அகலமாக வைத்து. மாமியார் வெட்கத்தில் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். குமாஸ்தா என் கணவரைத் தனியே கூப்பிட்டு, "வாத்தியார் சம்சாரம் பேசற பேச்சா ஓய்?" என்று கேட்டார். ஆனால் அடுத்த மழைக்குப் பிறகு விடியலில் அவர் வீட்டுக் கூரைமேல் ஏணி சாய்ந்திருந்தது. ஏறியிருந்தது அவரே.

அந்த வருடம் தெருவில் அரசாணிக்காய் இல்லாத கூரை இல்லை. எல்லார் வீட்டிலும் அரசாணிப் பொரியல், அரசாணிக் குழம்பு, வயிற்று வலி. யாருக்குக் கொடுப்பது? எல்லாரும் கிழக்கு வீட்டு அக்காவுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி, எல்லாப் பாத்திரத்திலும் வெல்லம் போட்டுத் திருப்பினாள். எனக்கு அது இனித்தது என்பதை மறைப்பானேன்? மிஞ்சியவை அழுகத் தொடங்கிய பிறகுதான் தெருவுக்குத் தர்ம சிந்தை பிறந்தது. எங்கள் கொட்டில்களைக் கூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த தன் வளவுக் குடிசைக்குப் போகும் கிழவியிடம் அழுகலை வெட்டிப் போட்டுக் கொடுத்தோம். அவள் அதை வழியில் எருமைக்குப் போட்டுவிட்டுப் போனாள். அவளுக்குத் திமிர் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம்.

கோடை வந்தது. கிணறு அடிமட்டத்துக்கு இறங்கிற்று, கொடிகள் காய்ந்தன. ஒரு காய் எங்கும் இல்லை, கிழக்கு வீட்டுப் பரணைத் தவிர. அங்கே வைக்கோல்மேல் அக்காவின் அரசாணிகள் கல்லுப் போல உட்கார்ந்திருந்தன. தெருவே பாத்திரத்தோடு போய் நின்றது. அவள் எல்லாருக்கும் கொடுத்தாள், கீற்றுக்கு ஒரு பிரசங்கத்தோடு. என் முறை வந்தது.

"இது மட்டும் எப்படீங்கக்கா அழுகாம இருக்குது?"

அவள் வெகுநேரம் சிரித்தாள். "இதையுங் கெணத்தடியில சொல்லிப் போடுவீங்களா அம்மிணி?" பிறகு என்ன நினைத்தாளோ, அருகே கூப்பிட்டாள். "நகம் எறங்காத அளவுக்குத் தோலு முத்தோணும். காம்போட அறுக்கோணும். ஒண்ணு மேல ஒண்ணு படாம வெக்கோணும். அவ்வளவுதானுங்க."

அடுத்த பருவத்தில் அவள் சொன்னபடியே செய்தேன். பாதி நின்றது, பாதி அழுகிற்று. அழுகியது என் கைப் பக்குவக் குறைவாலா, அக்கா ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் விட்டாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டதற்கு, "கண்ணேறு பட்டிருக்கும், ஒரு பழஞ்செருப்புக் கட்டிப் பாருங்க" என்றாள்.