ஆடாமல் நின்ற தலை

தைஸீரின் வாய் ரகசியம் காக்கும் என்று கரக் ஊரே சத்தியம் செய்யும். முகம்தான் காக்காது. சீட்டாட்டத்தில் அவர் கைக்கு ராஜா வந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முதலில் சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் நாற்பத்தேழு வயதில் மனநல ஆலோசனையில் முதுகலை படிக்கச் சேர்ந்தார். காரணம் எளியது. அவர் துணைத் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கு, பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு வந்தது. அடிக்காமல் பிறகு என்ன செய்வது என்று உத்தரவில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மாலை வகுப்பு.

அங்கே முதல் பருவம் முழுக்கக் காது கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். எதிரில் இருப்பவர் பேசப் பேச மெல்லத் தலையாட்ட வேண்டும். இடையிடையே ஒரு "ம்". இருபத்திரண்டு பேர் படித்த வகுப்பில் இந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் தைஸீருக்குத்தான். அந்தத் தலையாட்டல் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

"உப்பு தீந்துபோச்சுன்னு சொல்றேன், அதுக்கும் தலையாட்டுறீங்களே அபூ நிஸார்," என்றாள், நிஸாரின் அப்பா என்றே அவரைக் கூப்பிடும் மனைவி ஃபிர்யால். "ஆட்டுனா உப்பு வந்துருமா?"

அவர் அதற்கும் ஆட்டினார்.

இரண்டாம் ஆண்டில் இருநூறு மணி நேரம் நேரடிப் பயிற்சி. ஊரிலிருந்த ஒரு அறக்கட்டளையின் குடும்ப ஆலோசனை மையத்தில் அவருக்கு ஓர் அறை கிடைத்தது. பெண்கள் வந்தால் கதவு ஒரு சாண் திறந்திருக்கும். வெளியே எழுத்தர் அம்மாள் பின்னிக்கொண்டிருப்பாள். அங்கே வந்தவள்தான் ரந்தா. மணமுறிவு ஆகி அண்ணன் வீட்டில் இருந்தவள். அண்ணன் மிஷ்ஹல் அவளுக்கு இரண்டாவது மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டான். வேண்டாம் என்றதற்குக் கையை முறித்தான். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. ஆசிரியர் என்பதால் ஊரைப் போல அவளும் அவரை உஸ்தாத் என்பாள். ஐந்தாவது வாரம் அவள் சொன்னாள்:

"மாதபாவுக்குப் போறேன் உஸ்தாத். சிநேகிதி ஒருத்தி தையல் கூடம் வச்சிருக்கா. இது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை அவன் கையோட விட மாட்டான்."

தைஸீர் தலையாட்டினார். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு யோசனையும் சொன்னார்: "யாரு போன் பண்ணி உன்னைக் கேட்டாலும், அப்படி யாரும் இங்க இல்லன்னு சொல்லச் சொல்லு. நானே கேட்டாலும்."

அவள் போய்ப் பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்து, இறுதித் தேர்வுக்கான புத்தகத்தைத் திறந்திருந்தார். வாசலில் ஒரு கார். ஊர்ப் பெரியவர் ஹாஜி அபூ ஸாயிலும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். பள்ளிச் சேர்க்கைக் காலம். அந்த மாதம் அவர் வீட்டுக்கு ஆள் வருவதெல்லாம் பேரனுக்கு இடம் கேட்டுத்தான். தைஸீர் காப்பி ஊற்றிக் கொடுத்தார். மூவரும் வாங்கித் தொடாமல் கீழே வைத்தார்கள்.

வைத்தால் கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தம். தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லாமல் கோப்பை உதட்டுக்குப் போகாது. என்ன கோரிக்கை என்று கேட்டுவிட்டுச் சொல்பவர் கெட்டிக்காரர். கேட்காமலே சொல்பவர் பெரிய மனிதர். தைஸீரின் அப்பா பெரிய மனிதராக இருந்தவர்.

"குடிங்க ஹாஜி. எதுக்கு வந்தீங்களோ அது முடிஞ்சதுன்னு வச்சுக்கங்க."

மூன்று கோப்பைகளும் ஒரே மூச்சில் காலியாயின. அந்த அவசரம்தான் அவருக்கு முதலில் உறைத்தது.

"அல்லாஹ் உங்க வீட்டைச் செழிக்க வைக்கட்டும்," என்றார் ஹாஜி. பக்கத்தில் தலைகுனிந்திருந்த இளைஞனைக் காட்டினார். "இவன் மிஷ்ஹல். தங்கச்சியைக் காணாம தவிக்கிறான். உங்ககிட்டதான் வந்து பேசிட்டிருந்தாளாம். எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

வாக்குறுதி தரக் கூடாது என்பது தொழில் ஒழுக்கப் பாடத்தின் முதல் பக்கம். அதில் அவருக்குத் தொண்ணூற்றெட்டு.

"ஹாஜி, வீடு என்னோடது, காப்பி என்னோடது. அந்தப் பேச்சு என்னோடது இல்ல. சொல்ல முடியாது."

"குடிச்சாச்சே உஸ்தாத்! வயித்துல இருக்கறதைத் திருப்பியா தர முடியும்? உங்க அப்பா இருந்திருந்தா..."

"அவரு இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

சொன்ன பிறகுதான் புரிந்தது. சொல்ல மாட்டேன் என்பவனுக்குத் தெரியும் என்று அர்த்தம்.

ஹாஜி அவமானத்தில் எழுந்து வாசலுக்குப் போனார். மூன்றாவது ஆளும் பின்னால் போனான். மிஷ்ஹல் எழவில்லை. கோபமும் படவில்லை.

"பரவால்ல உஸ்தாத். நீங்க சத்தியம் காக்கிறவர். நான் சும்மா பேசிட்டிருக்கேன். இர்பித்ல எங்களுக்குச் சொந்தம் இருக்கு."

பழக்கதோஷம், தைஸீரின் தலை மெல்ல ஆடியது.

"ஸர்காவுல அவளோட படிச்சவ ஒருத்தி இருக்கா."

ஆடியது.

"அகபா ரொம்பத் தூரம்."

ஆடியது. ஊருக்கு ஊர் ஆட்டினால் எந்த ஊரும் தெரியாதே என்று உள்ளுக்குள் ஓர் ஆறுதல்கூட வந்தது அவருக்கு.

"மாதபா."

தலை நின்றது. ஒரு நொடிதான். பிறகு அவசரமாக ஆடியது, தேவைக்கு அதிகமாகவே.

மிஷ்ஹல் எழுந்து மரியாதையாகக் கைகொடுத்தான். கார் திரும்பிய திசை வடக்கு, மாதபா போகும் சாலை.

உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியத்தை உடைக்கலாம்: இந்த விதிவிலக்கைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். இப்போது அவசரத்தில் எண் மூன்று முறை தப்பியது. போலீஸில் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். ரந்தாவின் போன் அணைந்திருந்தது. அவள் கொடுத்துவிட்டுப் போயிருந்த தையல் கூடத்து எண்ணில் ஒரு பெண் எடுத்தாள்.

"ரந்தாவா? அப்படி யாரும் இங்க இல்ல."

"நான்தான் தைஸீர், அவளோட உஸ்தாத்."

"யாரா இருந்தாலும் இல்ல."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தார்; அதே பதில். தான் கட்டிய சுவர் இத்தனை உறுதி என்று அவருக்குத் தெரியாது. ஃபிர்யால் போனைப் பிடுங்கினாள்.

"பொண்ணே, அவ அங்க இருக்கான்னு நீ சொல்லவே வேணாம். இல்லாதவகிட்ட ஒண்ணு சொல்லிரு: அண்ணன் கிளம்பிட்டான், ஒன்றரை மணி நேரத்துல வந்துருவான்."

மறுமுனையில் தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு இணைப்பு அறுந்தது.

ஞாயிறு காலை ரந்தாவே கூப்பிட்டாள், தெரியாத எண்ணிலிருந்து. "கிளம்பிட்டேன் உஸ்தாத். எங்கன்னு இந்தத் தடவை உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

"சொல்லாதே," என்றார், போனைப் பார்த்துத் தலையாட்டியபடி.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி அதே கார். ஹாஜி வரவில்லை. மிஷ்ஹலுடன் வந்த இரண்டு பேரை தைஸீர் ஊரில் பார்த்ததே இல்லை. காப்பியைத் தொடாமல் கீழே வைத்தார்கள். குடிங்க என்று அவர் சொல்லவில்லை; அவர்களும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாது," என்றார் தைஸீர். முழு உண்மை.

மிஷ்ஹல் புன்னகைத்தான். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, அவர் கழுத்தையே பார்த்தபடி ஆரம்பித்தான்.

"இர்பித்."

தலை ஆடியது.

"ஸர்கா."

ஆடியது. நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. கழுத்து வலித்து எந்த ஊரில் நின்றுவிட்டாலும், அந்த ஊருக்கு ஒரு கார் கிளம்பும். அவள் அங்கேதான் இருக்கிறாளோ என்னவோ.

"ஸல்த்," என்றான் மிஷ்ஹல், நிதானமாக.