ஜாடியோடு நிற்பவள்

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த மாடி ரூமுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார். வாடகைக்கு வரும் கம்பெனிப் பெண்களிடம் மற்ற ஓனர்கள் ஆதார் கார்டு கேட்பார்கள். இவரோ ஹாலில் மாட்டியிருந்த ஒரு படத்துக்கு முன்னால் நிறுத்திப் பாடம் நடத்துவார். அது முடிந்தால்தான் சாவி.

ஐரோப்பாவில் முந்நூறு, நானூறு வருடத்துக்கு முன்னால் செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு அச்செடுத்த படமாம். அதன் நகலை எங்கிருந்தோ பிடித்துக் கண்ணாடி போட்டு வைத்திருந்தார். ஒரு சாராயக் கடை. இடது பக்கம் ஒருத்தி குழந்தையை மடியில் போட்டுப் பேன் பார்க்கிறாள். வலது பக்கம் வாசலில் ஒருத்தி ஜாடியோடு நிற்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் இளிக்கிறான்.

"இது பரோக் காலத்துப் படம்மா, சும்மா இல்ல," என்று ஆரம்பிப்பார். "இங்க குந்திக்கினு கீறா பாரு, இவ குடும்பப் பொம்பள. அந்தாண்ட ஜாடி வச்சிக்கினு நிக்கிறா பாரு, அவ அந்த மாதிரி. பொம்பளைன்னா ரெண்டே வகைதான். நீ எதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

பெரிய கண்டுபிடிப்பு. ஜாடிக்காரி அங்கே வேலை பார்க்கிறவள், ஊற்றிக் கொடுக்கத்தான் நிற்கிறாள் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. பேன் பார்க்கிறவளோ குழந்தையை விட்டுவிட்டு வாசலையே வெறித்துக்கொண்டிருந்தாள். அதையும் அவர் கண்டதில்லை. நான் பாடம் கேட்ட அன்று அவர் மனைவி சமையலறை வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தார். இந்த அம்மா எந்த வகை சார் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. ரூம் வேண்டுமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

என் ரூமில் இருந்தவள் தென்காசிப் பக்கத்துப் பெண். கம்பெனியில் ஒரே அசெம்ப்ளி லைனில்தான் இருவரும் நின்று வேலை பார்த்தோம். ஊரில் தாய்மாமன் மகனுக்கு அவளைக் கட்டிவைக்கத் தயாராக இருந்தார்கள். அவளுக்கு அவனைப் பிடிக்காது. வேலையில் இருக்கும்வரை கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று அப்பாவிடம் சண்டை போட்டு வாங்கிய வாக்கு ஒன்றுதான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவள், எங்கள் லைன் பையன் ஒருவனோடு கடையில் நின்று டீ குடித்தாள். வாக்கிங் வந்த வாத்தியார் பார்த்துவிட்டார். நேரே வீட்டுக்குப் போய் அவள் அப்பாவுக்குப் போன் போட்டார்.

மறுநாளே அப்பா வந்து இறங்கினார். என்ன பார்த்தேன் என்று அந்த மனுஷனிடம் நேராகச் சொல்வதற்குப் பதில், அவரையும் படத்துக்கு முன்னால் நிறுத்தி முழுப் பாடத்தையும் நடத்தினார் வாத்தியார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க பொண்ணு இந்தாண்டயிருந்து அந்தாண்ட போய்க்கினு கீது," என்றார். என்ன திமிர் பாருங்கள். ஒரு டீக்கு.

அப்பா தலையை ஆட்டினார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் படத்துக்குப் பக்கத்தில் போனாள். ஜாடிக்காரியின் கையைப் பிடித்திருந்தவன்மேல் விரலை வைத்தாள்.

"இந்த ஆளு யாரு சார்?"

"அவனா? சும்மா குடிக்க வந்தவம்மா. அவனப் பத்தி இன்னா கீது?"

"இவன் அப்பாவுக்கு யாரு போன் போட்டா?"

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருடமாக விளக்கோ விளக்கென்று விளக்கியவருக்கு, அப்படி ஒருவன் படத்தில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்ததோ என்னவோ. நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். இப்போதாவது மகளுக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நம்பினேன்.

"பெரியவுககிட்ட என்ன பேச்சு பேசுத?" என்றார் அவர். "பெட்டிய எடுளா."

சாயங்காலம் அவர்களை பஸ் ஏற்றிவிட்டேன். வாக்கு என்ன ஆயிற்று என்று அப்பாவிடம் கேட்டதற்கு, அடுத்த முகூர்த்தத்திலேயே முடித்துவிடுவோம் என்றார்.

அந்தப் பையன் மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தான். லைனில் அவள் இடத்தில் வேறொருத்தி நிற்பதைப் பார்த்துவிட்டு, "அவங்க லீவாக்கா?" என்று கேட்டான்.

"கல்யாணம்," என்றேன்.

"யாருக்கு?" என்றான்.