கரையான் தின்ற பதிவேடு

அம்சவள்ளி பூலாம்பாடிக்காரர். திருச்சியில் ஆசிரியைப் பயிற்சி முடித்து, மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அதிர்ந்து பேசமாட்டார். எடுத்த காரியத்தைப் பாதியில் விடவும் மாட்டார்.

1946 கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, சுவரோரம் நின்ற மரப்பீரோவைத் திறந்த தலைமையாசிரியர் வேணுகோபால் தலையில் கை வைத்துக்கொண்டார். முந்தைய ஐப்பசி மழையில் சுவர் ஊறி, அதன் வழியே கரையான் ஏறியிருந்தது. இருபது வருஷத்துச் சேர்க்கைப் பதிவேடு கட்டியாக ஒட்டிக் கிடந்தது. ஊரில் பலருக்குத் தாங்கள் பிறந்த தேதிக்கு அந்த ஒரு புத்தகம்தான் சாட்சி.

“வெயில்ல போட்டுப் பாப்போம். தேறலன்னா கொளுத்திட வேண்டியதுதான்” என்றார் அவர்.

“வேணாங்க சார். வெயில்ல போட்டா சுருண்டு நொறுங்கிடும். எங்கிட்ட குடுங்க.”

அம்சவள்ளி பதிவேட்டை நிழலில் பத்து நாள் வைத்தார். கோழி இறகால் மண்ணைத் தட்டினார். சீவிய மூங்கில் பட்டையைத் தாளுக்கு அடியில் மெல்ல விட்டுப் பிரித்தார். தொட்ட இடம் உதிர்ந்தது. ஒரு தாளை இரண்டாம் முறை புரட்ட முடியாது என்பது முதல் நாளே விளங்கிவிட்டது. அதனால் தாள் திறந்த கணமே அவர் உரக்கப் படிப்பார். உடன் வேலை பார்த்த ரத்தினம்மாள் டீச்சர் புது நோட்டில் எழுதுவார். நன்றாக இருந்த பக்கங்களை முதலில் எடுத்தார்கள். ஒட்டிப்போனவற்றைக் கடைசிக்கு ஒதுக்கினார்கள். கண்ணால் கண்டது கறுப்பு மையில், வீடு வீடாகக் கேட்டுத் தெரிந்தது சிவப்பு மையில். எதுவுமே தெரியாத இடத்தை வெறுமையாக விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கூலிக்காரர் அங்கமுத்துவின் மகன் பெரியசாமி வந்தான். அரியலூர் ஸ்டேஷனில் தண்டவாள வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாதாம்.

அன்று பிரித்த தாளில் அவன் பெயர் இருந்தது. வருஷம் இருந்த இடத்தில் ஓட்டை.

“எனக்கு இருபத்தாறுன்னு அப்பா சொல்லுது டீச்சரம்மா. ரெண்டு வருஷம் கொறச்சுப் போட்டுடுங்களேன். யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே பெரியசாமி. ஒண்ணுல பொய் எழுதுனா, நான் எழுதுன மத்ததையும் யாரும் நம்ப மாட்டாங்க. ரெண்டு நாள் பொறுத்து வாங்க.”

அவன் முகம் வாடிப் போனதைப் பார்த்து அம்சவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள், பிரித்தபடி கிடந்த அந்த ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, எதிர்ப் பக்கத்தில் எழுதாமல் விட்ட கட்டத்தில் ஏதோ நீலமாய்த் தெரிந்தது. ஈரத்தில் மை கசிந்து அந்தத் தாளில் இடவலம் மாறிப் பதிந்திருந்தது. கரையான் அரிப்பதற்கு முன்பே பதிந்த எழுத்து.

“ரத்தினம், ஒன் கண்ணாடியக் குடேன்!”

முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கத்தில் பிடித்ததும் எண்கள் நேராயின: 1921 அக்டோபர் 11. இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். ரத்தினம்மாள் விரல் விட்டுக் கணக்குப் போட்டுவிட்டுச் சிரித்தே விட்டார். அவனுக்கு இருபத்தைந்து முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

கறுப்பு மையிலேயே எழுதினார்கள். பெரியசாமிக்கு வேலை கிடைத்தது. முதல் விடுமுறையில் வந்தவன் அப்பாவிடம், “என்னைய ரெண்டு வருஷம் கெழவனாக்கிட்டியே” என்று சண்டை போட்டதாக ஊரே பேசிச் சிரித்தது.

அந்தக் கண்ணாடியால் இன்னும் ஒன்பது தேதிகள் தேறின. பள்ளியைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் சிவப்பையும் வெற்றிடங்களையும் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

பிறகு அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலிருந்து மூட்டைகள் வர ஆரம்பித்தன. 1949 மார்கழியில் மூன்று பதிவேடுகள் வந்தன. ஒன்றில் எதுவும் தேறாது என்று நேராகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். மற்ற இரண்டையும் நிழலில் விரித்துவிட்டு, ரத்தினம்மாளுடன் காப்பி குடிக்க உட்கார்ந்தார்.